தேங்காயோடு நாலு நாள் நடை

ஜேர்மனிக்கு நான் காடு பார்க்கப் போகவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போனேன். காடு இடையில் வந்தது.

என் தங்கை கௌரி டுசல்டோர்ஃபில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறாள். அவளுடைய மகள் அபி ஒரு ஜேர்மன் பொடியனைக் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். பொடியனின் பெயர் யோனாஸ். வீட்டுப் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வதும், அடுப்பும் ஹீட்டரும் ஒழுங்காக எரிகின்றனவா என்று சோதிப்பதும் அவனுடைய தொழில். அபி தனியாக இருக்கும் ஃபிளாட்டுக்கு ஹீட்டர் சோதிக்க வந்தவன், சோதனை முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தான்.

மொழி, மதம் எல்லாவற்றையும் கௌரியின் கணவர், அதாவது என் மச்சான், ஒருவாறு விழுங்கிவிட்டார். தொண்டையில் சிக்கியது வேறு. மச்சான் சகுனக்காரர். அரசாங்க அலுவலகம் கொடுத்த டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், ராகு காலத்தில் வருகிறதென்று வேறு நேரம் கேட்டுக் கடிதம் போட்டவர். அப்படிப்பட்டவர் புதுக் கார் எடுக்கப் புறப்பட்ட ஒரு காலை வேளையில் படியில் எதிர்ப்பட்டான் யோனாஸ். வேலையிலிருந்து நேராக வந்தவன். தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பு, முகத்தில் கரி. மச்சான் திரும்பி வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

"இஞ்சை அது அதிர்ஷ்டம் அப்பா. புகைபோக்கிக்காரனைக் கண்டால் சனம் தொட்டுப்போட்டுப் போகும்," என்று அபி சொல்லிப் பார்த்தாள்.

"தொடுற சனம் தொடட்டும்," என்றார் மச்சான்.

இழுபறி முற்றி, கடைசியில் தாய்மாமன் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று தீர்ப்பாயிற்று. முப்பத்துநாலு வருடம் இலங்கை ரயிலில் கார்டாக இருந்து பச்சைக்கொடி காட்டிய எனக்கு, ஓய்வுபெற்ற பிறகு மறுபடி ஒரு கொடி. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

யோனாஸின் தாய் ஹைகே அழைப்பு அனுப்பினாள். எங்கள் வீட்டில் புதிதாக ஒருவர் சேருவதென்றால் முதலில் எல்லோரும் சேர்ந்து நடப்போம், மாமாவும் வரட்டும் என்று. பிஃபால்ஸ் என்ற காட்டுப் பகுதியில் தொடங்கி, பள்ளமும் மேடுமாகப் போய், மூன்றாம் நாள் மத்தியானம் பிரான்ஸ் எல்லையைத் தாண்டிச் சாப்பாடு. நடை என்றதும் கௌரி பூங்காவில் நடப்பதென்று நினைத்துவிட்டாள். சம்பந்தம் பேச வெறுங்கையோடு போவதா? தமிழ்க் கடைக்குப் போய், பதினொரு தேங்காயைக் காதோடு வைத்துக் குலுக்கி, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதோடு ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு டப்பா பயத்தம் பணியாரம், ஒரு பித்தளைத் தட்டு. எல்லாம் என் முதுகுப் பைக்குள் போயின.

மச்சான் நிபந்தனை போட்டார். "உங்களுக்குச் சரியெண்டு பட்டால் தட்டைக் குடுங்கோ. இல்லாட்டில் தேங்காய் திரும்பி வரட்டும். உடைச்சியளெண்டால், எப்பிடி உடைஞ்சது எண்டு எனக்குச் சொல்லவேணும்."

அவருக்குத் தேங்காய்மேல் அவ்வளவு நம்பிக்கை. அவர் இங்கே அகதியாக இருந்த காலத்தில் ஊரில் பேசி முடித்த கலியாணம் அவருடையது. கோயிலில் உடைத்த தேங்காய்க்குள் பூ இருந்ததென்று கௌரி கடிதம் எழுதியிருந்தாள். தேங்காய்க்குள் பூ என்றால் அதற்கு மேல் நல்ல சகுனம் இல்லை. அந்தக் கடிதத்தை மச்சான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தரம் எடுத்து வாசித்தும் காட்டுவார். தேங்காய் உடைத்த அன்று நான் கொழும்பில் வேலையில் நின்றேன், அதனால் அந்தப் பூவைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. அபியும் யோனாஸும் நானும் ஏறவேண்டிய ரயில் நாற்பத்தைந்து நிமிடம் தாமதம். மேடையில் நின்றவர்கள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். எனக்கோ வயிறு குளிர்ந்தது. "ஜேர்மனியில ரயில் மணிக்கூடு மாதிரி ஓடும்" என்று வேலைக்காலம் முழுவதும் பயணிகள் என்னை ஏசியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அந்த மேடையில் நின்றிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். யோனாஸ் என்னிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான், ரயிலைத் தானே ஓட்டி வந்தவன்போல.

இறங்கிய நிலையத்தில் ஹைகே காத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, தபால்காரி. வேலை நாளில் கடிதத்தோடு நடப்பவள், லீவு நாளில் கடிதம் இல்லாமல் நடக்கிறாள். என் காலைப் பார்த்தாள். நான் இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்து, பளபளவென்று இருந்தது. ஒரு நிமிடம் முழுக்க ஏதோ சொன்னாள்.

"வடிவான சப்பாத்தாம், மாமா," என்று மொழிபெயர்த்தாள் அபி.

ஒரு நிமிடப் பேச்சுக்கு இரண்டு சொல் மொழிபெயர்ப்பா? எனக்குச் சந்தேகம் அப்போதே தொடங்கிவிட்டது.

பிஃபால்ஸ் காடு சிவப்புக் கல்லின்மேல் வளர்ந்த காடு. ஒரு குன்றில் ஏறினால் அடுத்த குன்று தெரியும், இறங்கினால் பள்ளத்தாக்கில் பத்து வீடும் ஒரு தேவாலயக் கூரையும். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கூட முகம் பார்க்காமல் போகும் இந்தச் சனம், காட்டுக்குள் எதிரே வருபவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறது. ஐந்து மணிக்குள் முப்பத்தாறு பேருக்கு வணக்கம் சொல்லிக் களைத்தேன். எங்கள் ஊரில் இப்படி ஒருவரைக் கண்டு வணக்கம் சொன்னால், எங்கே போகிறீர்கள், யார் வீட்டுப் பிள்ளை, என்ன விஷயம் என்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

அன்றிரவு தங்கியது காட்டுக்குள் ஒரு குடிசை விடுதி. நீள மேசை, முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து உட்காரவேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டேன் என்றதும் ஹைகே யோசிக்காமல் எனக்கொரு சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டாள். ஆவியில் வெந்த வெள்ளைப் பந்து, அடியில் உப்புப் பொருக்கு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சூப். இட்டலிக்குத் தூரத்துச் சொந்தம். மூன்று சாப்பிட்டேன்.

பிறகுதான் வில்லங்கம் வந்தது. அரை லீற்றர் கண்ணாடிக் குவளை ஒன்றில் வைனும் சோடாவும் கலந்து மேசைக்கு நடுவில் வைத்தார்கள். அது கைமாறிக் கைமாறி எல்லோருடைய வாயிலும் பட்டு என்னிடம் வந்தது. அந்தப் பகுதி வழக்கமாம், மேசைக்கு ஒரு குவளை. வேண்டாம் என்றால் மரியாதை இல்லை. வெள்ளிக்கு விலக்கு மச்சம்தான், திராட்சை மரக்கறிதானே என்று மனத்தைத் தேற்றினேன். ஆனால் எச்சில்? ஒரே வழிதான். குவளையை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் வாய்க்குள் ஊற்றினேன்.

மேசை முழுவதும் கை தட்டியது. தொப்பி போட்ட மூன்று கிழவர்கள் தாங்களும் செய்வோம் என்று எழுந்து, மூக்கிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டார்கள். ஹைகே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சுத்தத்துக்காகச் செய்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வித்தைக்காரனாகவே இருந்துவிட்டேன். கதையோடு கதையாக யோனாஸின் தொழில் வெளியே வந்தது. உடனே அந்தக் கிழவர்கள் வரிசையாக வந்து அவன் தோளைத் தொட்டார்கள். ஒரு பெண் அவனுடைய சட்டைப் பொத்தானைத் திருகிவிட்டுப் போனாள்.

"பாருங்கோ மாமா. அப்பாவுக்குச் சொல்லுங்கோ," என்றாள் அபி.

"பாப்பம்," என்றேன்.

உண்மையைச் சொன்னால், பொடியனை எனக்கு ரயில் மேடையிலேயே பிடித்துவிட்டது. அன்றைக்கே தட்டை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு மாப்பிள்ளை வீடே என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிறது. இந்தச் சுகம் எனக்கு இனி எப்போது கிடைக்கும்? இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று நினைத்தேன். பொல்லாத குணம்தான்.

மறுநாள் காலை அபி வந்தாள். "மாமா, பாக்கைத் தாங்கோ, வாரை ஒருக்கா சரிசெய்து விடுறன்." வாரைத் தொடவே இல்லை. பையைத் தூக்கிப் பாரம் பார்த்தாள். தேங்காய் உள்ளே இருப்பது தெரிந்தது, முகம் சுருங்கியது, திருப்பித் தந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை நடை நீண்டது. வழிகாட்ட மரங்களில் நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கோடு ஒரு பாதை, நீலமும் வெள்ளையும் இன்னொரு பாதை. சிக்னல் பார்த்துப் பிழைத்தவனுக்கு இது பிடித்துப்போயிற்று. பிடிக்காதது ஹைகேயின் தூரக்கணக்கு. எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இன்னும் ஒரு குட்டி மணித்தியாலம்" என்பாளாம். அந்தக் குட்டி, ஏற்றத்தில் வளர்ந்து பெரியதாகிவிடும். மூன்று குட்டி மணித்தியாலம் கழிந்தபோது என் இரண்டு குதிக்காலிலும் கொப்புளம். முதல் நாள் அந்த ஒரு நிமிடத்தில் ஹைகே என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு இப்போது விளங்கியது.

யோனாஸ் ஒன்றும் கேட்காமல் என் பையைக் கழற்றித் தன் பைக்கு மேல் போட்டுக்கொண்டான். அவன் நடக்க நடக்க உள்ளே தேங்காய்த் தண்ணீர் களக் களக் என்றது. ஹைகே என்னைக் கட்டையில் இருத்தி, தபால்காரிகளுக்குத் தெரிந்த விதத்தில் காலுக்குப் பிளாஸ்டர் போட்டாள்.

கௌரி என்னிடம் ஒரு காரியம் ஒப்படைத்திருந்தாள். யோனாஸின் தகப்பன் ஏன் பிரிந்து போனார் என்று கேட்டு வரவேண்டும். என் கால் அவள் கையில் இருந்த நேரம், இதைவிட நல்ல சமயம் வராது என்று, "கேள் பிள்ளை," என்றேன் அபியிடம். அபி ஏதோ கேட்டாள். ஹைகே நீளமாகப் பதில் சொன்னாள்.

"இஞ்சத்தைக் காட்டுக் காளானைப் பிடுங்கிச் சாப்பிடக் கூடாதாம், மாமா."

"அதையோ நான் கேட்டனான்?"

ஹைகே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் நேராக என்னிடமே சொன்னாள்: "நீங்கள் கேட்பது என் கணவரைப் பற்றி என்று நினைக்கிறேன். அவருக்கு நடக்கப் பிடிக்காது. நடக்கப் பிடிக்காத இன்னொருத்தியைக் கண்டுபிடித்தார். இப்போது இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் விழித்தேன். அவளே முதலில் சிரித்தாள். அபியின் முகம் பீட்றூட் நிறத்துக்குப் போனது.

என் கால் காரணமாக அன்று பாதி வழியிலேயே ஒரு கிராமத்தில் தங்கினோம். ஞாயிறு மழை. கொஞ்சம் நடந்து, நிறைய நொண்டி, மறுபடியும் இடையில் தங்கல். மூன்றாம் நாள் பிரான்ஸில் சாப்பிடவேண்டியவர்கள் நாலாம் நாளில்தான் போவோம் என்றாயிற்று. ஹைகே தபால் கந்தோர் மேலாளருக்குப் போன் பண்ணி ஒரு நாள் லீவு கூடக் கேட்டாள். அந்தப் பக்கம் ஒத்துக்கொள்ள நேரம் எடுத்தது என்பது குரலிலேயே தெரிந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அபி ஒவ்வொரு காலையும் பாரம் பார்க்கத் தவறவில்லை. திங்கட்கிழமை காலை பையைத் தூக்கியவள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் யோனாஸிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லை என்று நான் முள்வேலியும் காவலும் எதிர்பார்த்திருந்தேன். வாழ்க்கையில் எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி ஏறியிருக்கிறேன்! இங்கே ஒரு மேட்டில், பன்னச் செடிகளுக்கு நடுவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய கல். ஒரு பக்கம் ஒரு எழுத்து, மறுபக்கம் வேறு எழுத்து. அவ்வளவுதான். நான் இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பிரெஞ்சுப் பள்ளத்தாக்கு. புல்வெளி, வெள்ளை மாடுகள், சரிவில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக்கடை. கையிலிருந்த பானும் சீஸும் ஞாயிற்றுக்கிழமை மழையிலேயே முடிந்துவிட்டன. ஹைகே அந்தக் கடையின் உருளைக்கிழங்குப் பொரியலைப் பற்றி இரண்டு குன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கடை பூட்டு. திங்கட்கிழமை விடுமுறை என்று கதவில் எழுதியிருந்தது.

ஹைகே அந்த அறிவித்தலை மூன்று தரம் வாசித்தாள். அவள் மேசை பதிந்தது ஞாயிற்றுக்கிழமைக்கு. நாள் தள்ளிப்போனபோது திங்கள் பூட்டு என்பது நினைவுக்கு வரவில்லை. அடுத்த ஊர் ஒன்பது கிலோமீற்றர். மணி ஒன்றரை. நிழலும் உட்கார ஒரு மர வாங்கும் எல்லைக்கல்லடியில்தான் இருந்தன, திரும்பி ஏறி அங்கே போய் உட்கார்ந்தோம். ஹைகே தலையைக் குனிந்துகொண்டாள். திட்டம் பிழைத்தால் அந்தச் சனத்துக்கு அது சின்ன அவமானம் அல்ல.

நாள் தள்ளியது யாரால்? பளபளக்கும் சப்பாத்து வாங்கியவனால். அதை ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பார்வைகூட என் கால் பக்கம் வரவில்லை. ஹைகே தன் பையைத் துழாவி ஒரு அப்பிளை எடுத்தாள். கத்தியால் நாலாக வெட்டினாள். துண்டுகள் சமமாக வரவில்லை. எதில் சதை அதிகம் என்று பார்த்து, அதை என்னிடம் நீட்டினாள்.

அந்தத் துண்டு கையில் இருக்கும்போது எனக்கு எதிரே என் பை. உள்ளே ஒரு டப்பா பணியாரமும் ஒரு சீப்புப் பழமும் ஒரு தேங்காயும். அபிக்கு அது தெரியும். பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோனாஸிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்: "இதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும். முதல் நாளே அபி சொன்னாள்."

"மூன்று நாளாக நீதானே சுமக்கிறாய். இப்போது பசிக்கவில்லையா?"

"பசிக்கிறது," என்றான். "ஆனால் அது நான் கேட்டு வாங்குகிற சாப்பாடு இல்லை."

எனக்கு அப்பிள் இறங்கவில்லை. முப்பத்துநாலு வருடத்தில் ஒரு ரயிலைக்கூட நான் காரணமில்லாமல் நிறுத்தி வைத்ததில்லை. பெற்ற பிள்ளைபோல நினைக்கும் ஒருத்தியை நாலு நாள் நிறுத்தி வைத்துவிட்டேனே!

பையைத் திறந்தேன். பித்தளைத் தட்டை எடுத்துச் சட்டையால் துடைத்தேன். வெற்றிலை வாடியிருந்தது. வாழைப்பழம் கறுத்திருந்தது. பணியாரம் மட்டும் கௌரியின் கைராசிக்கு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஹைகேயிடம் கொடுத்தேன். அபி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹைகே தட்டை வாங்கிய கையோடு அபியைப் பார்த்தாள். அபி ஜேர்மனில் சொல்லத் தொடங்கி, பாதியில் குரல் உடைந்து நின்றாள். மீதியை யோனாஸ் சொன்னான்.

தேங்காயைக் கையில் எடுத்தேன். உடைக்கக் கல் வேண்டும். அங்கே ஒரே ஒரு கல்தான் இருந்தது.

ஹைகே பதறிப்போய் ஏதோ சொன்னாள்.

"அரசாங்கக் கல்லாம் மாமா," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள் அபி. "இதுக்கு அன்ட்ராக் எண்டு ஒரு விண்ணப்பம் எழுதிப்போட்டு அனுமதி எடுக்க வேண்டாமோ எண்டு கேக்கிறா."

"எந்த நாட்டுக்கு எழுதுறது எண்டு கேள்," என்று சொல்லிக்கொண்டே ஓங்கிப் போட்டேன். தண்ணீர் கல்லெல்லாம் சிந்தியது. தேங்காய் நடுவால் பிளந்து, ஒரு பாதி ஜேர்மனியில் என் காலடியில் விழுந்தது. மற்றது பிரான்ஸுக்குள் உருண்டு போனது. யோனாஸ் அதைப் பிடிக்கச் சரிவில் ஓடினான். தோள்மேல் அவனுடைய பையும் ஆடியது, கழற்றக்கூட நினைக்கவில்லை.

அது சரிவின் அடிவரை போய்விட்டது; அவன் தேடித் திரும்பும் வரை எங்களுக்குப் பொறுக்கவில்லை, இருந்த பாதியில் தொடங்கிவிட்டோம். பசிக்குத் தேங்காய்ச் சொட்டும் பணியாரமும் சேர்ந்தால் என்ன ருசி என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஹைகே ஒன்பது பணியாரம் சாப்பிட்டாள். ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் கௌரி போன் எடுத்தாள். "அண்ணை, தேங்காய்?"

"உடைச்சாச்சு."

மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் கேட்டது. "எப்பிடி உடைஞ்சது?"

"நடுவால. சரி பாதி."

பின்னால் மச்சானின் குரல். "பூ இருந்ததோ எண்டு கேக்கிறார்," என்றாள்.

ஹைகேயின் மடியில் கிடந்த பாதியைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற சதை, உள்ளே வெறுமை. கல்லில் தண்ணீர் இன்னும் காயவில்லை. "ஓம், இருந்தது. பெரிய பூ," என்றேன்.

அபி மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கௌரி நடப்பதும் ஒரு கதவு சாத்துவதும் கேட்டன. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அண்ணை, பதினொரு தேங்காய் குலுக்கி அதை எடுத்தவள் நான். நிறையத் தண்ணி நிண்டது. பூ வந்த தேங்காயில தண்ணி எங்கையிருந்து வரும்?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"பெரிய பூ எண்டு சொல்லாதையுங்கோ, நம்பமாட்டார். நடுத்தரம் எண்டு சொல்லுறன்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அந்தக் கடிதத்திலையும் நான் அப்பிடித்தான் எழுதினனான்."

"எந்தக் கடிதத்தில?"

"எங்கடை கலியாணத்துக்கு எழுதினதில. அதிலையும் பூ இருக்கேல்லை அண்ணை. கலியாணம் குழம்பிப்போயிடுமோ எண்ட பயத்தில எழுதிப்போட்டன். இருபத்தெட்டு வருஷம் நல்லாத்தானே இருக்கிறம்?" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. போன் நின்றுவிட்டது.

"அம்மா இவ்வளவு நேரம் என்ன சொன்னவ மாமா?" என்று கேட்டாள் அபி.

"இஞ்சத்தைக் காட்டுக் காளானைப் பிடுங்கிச் சாப்பிட வேண்டாமாம்," என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள், சிரித்துக்கொண்டே அழுதாள். யோனாஸ் மற்றப் பாதித் தேங்காயோடு பிரான்ஸிலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தான்.